கறுப்புத் திரையிலிருந்து பட்டனுக்கு!

(12-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன் எழுதுவது)



போன வருஷம் சி பிளஸ் பிளஸ், இந்த வருஷம் பைத்தான் என்று லேபில் நாம் எழுதிய புரோகிராம்கள் எல்லாம் ஒரே ஜாதிதான். திரையில் எழுத்து மட்டும் வரும். "முதல் எண்ணைக் கொடு" என்று கேட்கும், கொடுப்போம். "இரண்டாவது எண்ணைக் கொடு" என்று கேட்கும், கொடுப்போம். கூட்டிச் சொல்லிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடும். இதற்குக் கன்சோல் புரோகிராம் என்று பெயர். ஆனால் செல்போனில் நாம் பார்க்கிற எதுவும் இப்படி இல்லையே! பட்டன், பெட்டி, பட்டியல் என்றுதானே இருக்கிறது? அதற்கு வரைகலை இடைமுகம், சுருக்கமாக ஜி.யு.ஐ. என்று பெயர். இதிலிருந்து அதற்குப் போக நான் இரண்டு மாதம் திண்டாடினேன். பட்டன் வரைவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். பட்டன் வரைய ஒரே வரி போதும்! கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது.

என் மாமா மளிகைக் கடை வைத்திருக்கிறார். லீவில் நான் அங்கேதான் இருப்பேன். அக்கா பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப்பில் பைத்தான் போட்டு, மாமாவுக்காக ஒரு பில் புரோகிராம் எழுதினேன். பொருள் பெயர் கேட்கும், விலை கேட்கும், எத்தனை கிலோ என்று கேட்கும். எல்லாம் முடிந்ததும் மொத்தம் சொல்லும். வீட்டில் பத்துத் தடவை போட்டுப் பார்த்தேன், ஒரு தப்பு இல்லை. கெத்தாகக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

முதல் நாள் சாயங்காலம் ஒரு பாட்டி வந்தார். துவரம் பருப்பு ஒரு கிலோ, சீனி அரைக் கிலோ, புளி, மிளகாய் என்று வரிசையாகச் சொன்னார். நானும் தட்டினேன். ஏழாவது பொருளில் பாட்டி, "அந்தப் பருப்பு வேணாம்யா, வீட்ல இருக்கு, எடுத்துரு" என்றார். என் புரோகிராமில் பின்னால் போக வழியே கிடையாது! முதலிலிருந்து அடிக்க வேண்டும். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். அவசரத்தில் ஒரு தந்திரம் செய்தேன். பருப்பையே திரும்பவும் போட்டு, எத்தனை கிலோ என்று கேட்டதும் மைனஸ் ஒன்று கொடுத்தேன். கொடுத்ததாக நினைத்தேன். மைனஸ் விழவில்லை. வாங்காத பருப்புக்கு இரண்டு கிலோ பில்! கிலோ 150 ரூபாய் வீதம் 300 ரூபாய் அதிகம்.

மறுநாள் காலையில் பாட்டி துண்டுச் சீட்டோடு வந்துவிட்டார். மாமா ஒன்றும் பேசாமல் 300 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். அவர் போன பிறகு என்னிடம், "மருமகனே, இருவது வருஷமா இந்தப் பாட்டி நம்ம கடையிலதான் வாங்குறாங்க. உன் பொட்டிய எடுத்து உள்ள வையி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கம்ப்யூட்டர் மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். "உன் கணக்கு தப்பில்லை. யார் யாரைக் கேள்வி கேட்கிறார்கள் என்பதுதான் தப்பு" என்றார்கள். அன்றைக்குப் புரியவில்லை. பிறகு புரிந்ததை இப்படிச் சொல்கிறேன்.

கன்சோல் புரோகிராம், பிராக்டிகல் பரீட்சையில் வைவா கேட்க வருகிற எக்ஸ்டர்னல் மாதிரி. அவர் கேட்பார், நாம் சொல்ல வேண்டும். அவர் கேட்கிற வரிசைதான் வரிசை. ஜி.யு.ஐ. புரோகிராம், ஓட்டல் சப்ளையர் மாதிரி. சும்மா நிற்பார். மூன்றாம் டேபிளில் கூப்பிட்டால் அங்கே போவார், முதல் டேபிளில் "தோசைய கேன்சல் பண்ணுங்க" என்றால் இங்கே வருவார். யார் எப்போது கூப்பிடுவார்கள் என்று அவருக்கு முன்கூட்டித் தெரியாது. கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் தெரியும்.

பைத்தானோடு டிகின்டர் என்று ஒரு தொகுப்பு வருகிறது. அதில் ஜன்னல், பட்டன் எல்லாம் போட்டபின் கடைசி வரியாக மெயின்லூப் என்று எழுதுவோம். அந்த வரிதான் சப்ளையரை நிற்க வைப்பது. அதற்குப் பிறகு மவுஸ் கிளிக், கீபோர்டு தட்டல் என்று ஒவ்வொரு நிகழ்வுக்காகவும் புரோகிராம் காத்துக்கொண்டே இருக்கும். (நாம் லேபில் பைத்தான் எழுதுகிற ஐடில் இருக்கிறதே, அதுவே இந்த டிகின்டரில் எழுதியதுதான். எனக்கே பிறகுதான் தெரியும்!)

இந்த மவுஸ், ஜன்னல் சமாசாரம் ஒன்றும் புதுசில்லை. 1968 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பர்ட் என்பவர் ஒரு பெரிய கூட்டத்தின் முன் மவுஸை இயக்கிக் காட்டினார். 1973-ல் ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்தில் ஆல்ட்டோ கணினி வந்தது. 1984-ல் ஆப்பிள் மெக்கின்டோஷ், 1985-ல் விண்டோஸ் 1.0. சரி, விஷயத்துக்கு வருவோம்.

நான் செய்த தப்புகளைச் சொன்னால்தான் உங்களுக்கு உபயோகம். முதல் தப்பு, ஒரே ஒரு அடைப்புக்குறி. பட்டனை அமுக்கினால் எந்த ஃபங்ஷன் ஓட வேண்டும் என்று கமாண்ட் என்ற இடத்தில் அதன் பெயரைக் கொடுக்க வேண்டும். நான் பழக்க தோஷத்தில் பெயருக்குப் பின்னால் திறந்து மூடிய அடைப்புக்குறியும் போட்டுவிட்டேன். ஜன்னல் வருவதற்கு முன்பே ஃபங்ஷன் ஓடிவிட்டது. பிறகு பட்டனை எத்தனை அமுக்கு அமுக்கினாலும் ஒன்றும் நடக்கவில்லை. "கூப்பிடும்போது வா" என்பதற்குப் பதில் "இப்பவே வா" என்று சொல்லியிருக்கிறேன்!

அடுத்தது மொத்தத் தொகை. கன்சோலில் மொத்தம் என்று ஒரு வேரியபிள் வைத்து, லூப்புக்குள் கூட்டிக்கொண்டே போனேன். இங்கே ஒவ்வொரு கிளிக்கும் தனித்தனி. ஃபங்ஷனுக்குள் வைத்த வேரியபிள், ஃபங்ஷன் முடிந்ததும் போய்விடுகிறது. வெளியே வைத்துவிட்டு உள்ளே கூட்டினால் பைத்தான் எர்ரர் கொடுக்கிறது. குளோபல் என்று போட்டுச் சமாளித்தேன். மிஸ்தான் வேறு வழி காட்டினார்கள். மொத்தத்தைச் சேர்த்தே வைக்காதே, பொருட்களை மட்டும் ஒரு லிஸ்டில் வை, லிஸ்ட் மாறும்போதெல்லாம் மொத்தத்தைப் புதிதாகக் கூட்டிக்கொள் என்றார்கள். இப்போது பாட்டி பருப்பு வேண்டாம் என்றால் லிஸ்டில் அந்த வரியைத் தொட்டு 'நீக்கு' பட்டனை அமுக்கினால் போதும். மைனஸ் வேலையே இல்லை.

இதில் ஒரு லாபம் உண்டு. லிஸ்டை வாங்கி மொத்தத்தைத் திருப்பித் தரும் ஃபங்ஷனுக்கு ஜன்னலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதையே கன்சோலிலும் ஓட்டிப் பார்க்கலாம். என் பழைய புரோகிராமில் கணக்குக்கு நடுநடுவே இன்புட்டும் பிரிண்டும் கலந்து கிடந்ததால் ஒரு வரிகூடப் புதியதில் உதவவில்லை. நீங்கள் இப்போது கன்சோலில் எழுதினாலும் கணக்கைத் தனி ஃபங்ஷனாக எழுதி வையுங்கள்.

சப்ளையரைத் தூங்க வைத்த கதையும் உண்டு. 'பில் முடிந்தது' என்று மூன்று விநாடி காட்டிவிட்டு அழிக்க ஆசைப்பட்டு, ஸ்லீப் கட்டளையைப் போட்டேன். மூன்று விநாடி ஜன்னலே உறைந்து நின்றது. வேடிக்கை என்னவென்றால் அந்த எழுத்து வரவே இல்லை! திரையில் எழுதிக் காட்டுவதும் அதே சப்ளையர் வேலைதான், அவர் தூங்கினால் யார் எழுதுவது? ஸ்லீப்புக்குப் பதில் ஆஃப்டர் என்று ஒன்று இருக்கிறது. 3000 மில்லி விநாடி கழித்து இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு நிற்பார்.

ஆனால் பெரிய பாடம் மாமாவிடம்தான். புதுசை எடுத்துக்கொண்டு போனபோது, "நானே அமுக்கிப் பாக்குறேன்" என்றார். எத்தனை கிலோ என்ற பெட்டியில் 1/2 என்று அடித்தார். பெட்டியிலிருந்து வருவது எழுத்துதான், அதை எண்ணாக மாற்ற வேண்டும். 1/2 எண்ணாக மாறாது. கன்சோலாக இருந்தால் எர்ரர் காட்டி நின்றிருக்கும். இங்கே எர்ரர் பின்னால் ஐடில் ஜன்னலில் சிவப்பாக விழுந்தது, முன்னால் ஒரு மாற்றமும் இல்லை. மாமா ஆறேழு தடவை அமுக்கிவிட்டு, "இதுவும் வேலை செய்யலியே" என்றார். தப்பு நடந்தால் அதைப் பெட்டிக்குக் கீழேயே எழுதிக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதைச் சேர்த்தேன். கூடவே கால், அரை, முக்கால், ஒன்று என நாலு பட்டன் வைத்தேன். மாமா இப்போது கீபோர்டைத் தொடுவதே இல்லை.

போன சனிக்கிழமை அதே பாட்டி வந்தார். இந்தத் தடவை சீனி வேண்டாம் என்றார். மாமாவே அந்த வரியைத் தொட்டு நீக்கினார். பில்லை வாங்கி பாட்டி ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தார், என்னையும் ஒரு பார்வை பார்த்தார். சரியாக இருந்தது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. ஜன்னலின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை மாமா தெரியாமல் அமுக்கிவிட்டால் பாதி பில் அப்படியே போய்விடுகிறது. மூடும்போது "பில் முடியவில்லை, மூடலாமா?" என்று கேட்க வைக்க டிகின்டரில் புரோட்டோகால் என்று ஒன்று இருக்கிறதாம். இந்த வாரம் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதுவரை மாமா பில்லைப் பழைய நோட்டிலும் எழுதி வைக்கிறார். பார்க்க விரும்பும் நண்பர்கள் மதிய இடைவேளையில் லேபுக்கு வாருங்கள், மிஸ்ஸிடம் அனுமதி கேட்டு வைத்திருக்கிறேன்.