தொட்டி நிறையத் தீனி, மீனுக்கோ பட்டினி!

சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். வீட்டுக் கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி. அதில் உப்புத் தண்ணீர். உள்ளே கடல் மீன்கள், கலர் கலராக!

அவற்றில் ஒன்று எலுமிச்சம்பழ நிறம். தட்டையான உடம்பு. சின்ன வாய். அது ஓயாமல் கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருந்தது.

"பாருங்கள், நமக்கு முத்தம் கொடுக்கிறது!" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

அவருடைய மகள் சிரிக்கவில்லை. பத்து வயதுச் சிறுமி அவள். "அதன் வயிறு ஏன் மாமா இப்படி ஒட்டிப்போய் இருக்கிறது?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. கடல் மீன் வளர்ப்பில் அனுபவம் உள்ள ஒருவரை விசாரித்தேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அது முத்தம் அல்ல. பசி!

வாலில் கத்தி

அந்த மீனின் பெயர் "எல்லோ டாங்". பசிபிக் கடலில், முக்கியமாக ஹவாய் தீவுகளைச் சுற்றி வாழ்வது. 8 அங்குலம் வரை வளரும். வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முள் உண்டு. டாக்டரின் கத்தி போல அவ்வளவு கூர்மை. அதனால் இந்த இனத்துக்கே "சர்ஜன் மீன்" என்று பெயர். தொட்டிக்குள் வெறுங்கையை விடுகிறவர்கள் ஜாக்கிரதை!

கத்தி இருக்கிறதே தவிர, இது வேட்டையாடும் மீன் அல்ல. பொழுது விடிந்ததும் பாறைகளில் படிந்திருக்கும் பாசியை மேயத் தொடங்கும். பொழுது சாயும் வரை மேயும். ஹவாயில் கடல் ஆமைகள் இந்த மீன்களைத் தேடி வருவது உண்டு. ஆமை சும்மா இருக்கும். மீன்கள் கூட்டமாக வந்து அதன் ஓட்டில் உள்ள பாசியைக் கொத்தித் தின்னும். மீனுக்குச் சாப்பாடு, ஆமைக்குக் குளியல்!

மாட்டுக்குப் புல் எப்படியோ, இதற்குப் பாசி அப்படி. கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுவதும் தின்ன வேண்டும்.

சுத்தமே வினை

நண்பர் வீட்டில் என்ன நடந்தது? ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் கண்ணாடியைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கிவிடுவார். ஒரு பொட்டுப் பாசி கிடையாது. தீனியாக, குளிரில் உறைய வைத்த இறாலைத்தான் போட்டார். அதையும் வேகமான மீன்கள் முந்திக்கொள்ளும். இறால் மட்டுமே தின்று இந்த மீன் நலமாக இருக்கவும் முடியாது. மெலியும், நிறம் மங்கும்.

பலர் தொட்டியைச் சுத்தம் செய்யவே பாசி தின்னும் மீனை வாங்குகிறார்கள். சில வாரங்களில் அது வேலையை முடித்துவிடும். அப்புறம் அதற்குச் சோறு? "புல்வெட்டி" என்ற பட்டப்பெயர் கொண்ட பிளென்னி மீனின் கதி இன்னும் மோசம். பாசி தீர்ந்தபின் வேறு தீனியைத் தொடாமலே பல செத்துப்போகின்றன.

என்ன கொடுக்கலாம்?

கடலில் விளையும் பாசியையே உலர்த்திக் கொடுக்கலாம். ஜப்பானியர் சோற்றைச் சுற்றித் தின்னும் "நோரி" என்ற பாசித் தாள் கடைகளில் கிடைக்கிறது. எண்ணெய், உப்பு, மசாலா எதுவும் சேராததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, பிளாஸ்டிக் கிளிப்பில் மாட்டி, கண்ணாடியின் உள்பக்கம் ஒட்ட வைக்க வேண்டும். தினமும் கொடுக்க வேண்டும். மிச்சத்தை மாலையில் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அழுகித் தண்ணீர் கெடும். புது மீன் கிளிப்பைக் கண்டு பயந்தால், ஒரு கல்லில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, அடியில் வைக்கலாம்.

கீரை கொடுக்கலாமா என்று நண்பரின் மனைவி கேட்டார். அவசரத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் அது கடல் பாசிக்கு ஈடாகாது.

இன்னொன்று. இந்த மீனுக்கு நீந்த இடம் வேண்டும். 400 லிட்டராவது பிடிக்கும் தொட்டி இல்லாதவர்கள் இதை வாங்காமல் இருப்பதே நல்லது. கடலில் 30 ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய ஜீவன் இது! 2015ஆம் ஆண்டில்தான், ஹவாயில் உள்ள ஓஷியானிக் இன்ஸ்டிடியூட் என்ற ஆராய்ச்சி நிலையத்தில் இதை முட்டையிலிருந்து வளர்த்து ஆளாக்க முடிந்தது. அதற்கு முன் கடைக்கு வந்தவை கடலில் பிடிபட்டவை.

மூன்றாம் நாள்

நண்பர் பாசித் தாளை மாட்டினார். இரண்டு நாள் மீன் பக்கத்திலேயே வரவில்லை. மூன்றாம் நாள் காலை ஒரு கடி கடித்தது. பிறகு கிளிப் காலியாகும் வரை விடவில்லை. ஒரு மாதத்தில் வயிறு நிரவியது.

ஒரு நாள் இரவு 10 மணிக்கு அந்தச் சிறுமி எனக்குப் போன் செய்தாள். "மாமா, மஞ்சள் மங்கிவிட்டது! விலாவில் வெள்ளைக் கோடு தெரிகிறது!" என்று அழாக்குறையாகச் சொன்னாள்.

மறுபடியும் அனுபவசாலியை விசாரித்தேன். அவர் சிரித்தார். விளக்கு அணைந்ததும் இந்த மீன் அப்படித்தான் நிறம் மாறுமாம். விடிந்ததும் பழைய மஞ்சள் வந்துவிடும் என்றார்.

காலையில் வந்துவிட்டது. கிளிப்பின் அருகே காத்துக்கொண்டும் இருந்ததாம்.