கையிருப்புக்குள் ஒரு வேகக் கணினி

1998 ஆகஸ்டில் இன்டெல் ஒரே நாளில் இரண்டு சிப்களைக் கடைக்கு அனுப்பியது. ஒன்று 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2. விலை 669 டாலர். மற்றொன்று சிக்கனக்காரர்களுக்கான செலரான் 300ஏ, 149 டாலர். செலரானின் பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், அதன் நாலரை மடங்கு 300. போர்டில் பஸ்ஸை 100க்கு ஏற்றினால் அதே நாலரை மடங்கு 450 ஆகிவிடும். செட்டிங் இல்லாத போர்டுகளில் சிப் அட்டையின் ஒரே ஒரு தொடுமுனையை மெல்லிய டேப்பால் மூடினார்கள். போர்டு அதை 100 மெகாஹெர்ட்ஸ் சிப் என்றே எடுத்துக்கொண்டது. பென்டியத்தின் 512 கேபி கேஷ் பாதி வேகத்தில்தான் ஓடியது. செலரானின் கேஷ் 128 கேபிதான். ஆனால் சிப்புக்குள்ளேயே இருந்ததால் முழு வேகத்தில் ஓடியது. பல வேலைகளில் இரண்டும் தோளோடு தோள் நின்றன. ஓவர்கிளாக்கிங் என்ற வித்தையை ஊரறியச் செய்தது இந்த 149 டாலர் சிப்தான்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஓவர்கிளாக்கிங் என்றதும் இன்று நினைவுக்கு வருவது கண்ணாடிக் கதவு, வண்ண விளக்கு, தண்ணீர்க் குழாய், லட்ச ரூபாய் பில். ஆனால் ஓவர்கிளாக்கிங் காசில்லாதவர்களின் கலையாகத்தான் வளர்ந்தது. 2011இல் இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறையோடு நிலைமை மாறியது. பஸ் கடிகாரத்தோடு மற்ற பாகங்களின் கடிகாரமும் பிணைக்கப்பட்டதால் அதைச் சில சதவீதத்துக்கு மேல் நகர்த்த முடியவில்லை. நாலரை போன்ற அந்தப் பெருக்கல் மடங்கின் பூட்டைத் திறக்க ‘கே’ என்று முடியும் விலை கூடிய சிப்பும், அதற்கேற்ற ‘பி67’ அல்லது ‘இசட்’ வகை போர்டும் வேண்டியிருந்தது. 2014இல் 72 டாலருக்கு வந்த பூட்டில்லாத பென்டியம் ஜி3258 ஒரு சிறிய ஆறுதல். 2017இல் ஏஎம்டி ரைசன் சிப்கள் வந்தபோதுதான் வழி மறுபடி திறந்தது. அப்போது வந்த எந்த ரைசனுக்கும் பூட்டு கிடையாது. நடுத்தர விலை பி350, பி450 போர்டுகளிலேயே வேகத்தை மாற்றலாம். ஏ320 போர்டில் முடியாது. வாங்கும்போது இந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் விட்டால் திட்டமே போய்விடும்.

சின்னப் பெட்டி, சின்ன பட்ஜெட் என்று வருபவருக்கு நான் சொல்வது 2018இல் வந்த ரைசன் 3 2200ஜி. நாலு கோர், 3.5 ஜிகாஹெர்ட்ஸ், உள்ளேயே வேகா 8 கிராபிக்ஸ். வந்தபோது 99 டாலர். இப்போது செகண்ட் ஹேண்டில் தேட வேண்டிய பொருள். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம் என்பதால் பணமும் மிச்சம், பெட்டியில் இடமும் மிச்சம். சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ பழைய சிப் வாங்கினால் அடிப்பக்கத்து ஊசிகளைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் இந்தச் சிப்பில் 1,331 ஊசிகள். அவை சிப்பில்தான் இருக்கும், போர்டில் அல்ல. ஒன்று வளைந்திருந்தாலும் வாங்க வேண்டாம். பழைய பி350 போர்டு என்றால் பயாஸ் புதுப்பிக்காமல் இந்த சிப் ஓடாது. கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

போர்டில்தான் முதல் இடறல். மினி-ஐடிஎக்ஸ் அளவை 2001இல் வியா நிறுவனம் கொண்டுவந்தது. பக்கத்துக்கு 17 சென்டிமீட்டர். அழகான அளவு, ஆனால் நம் சந்தையில் வரத்து குறைவு, விலை அதிகம். விலை கட்டுப்படவில்லை என்றால் தயங்காமல் மைக்ரோ-ஏடிஎக்ஸ் போர்டும் அதற்கான சிறிய கேபினெட்டும் வாங்குங்கள். சில சென்டிமீட்டருக்காக ராமில் கை வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

ஏனென்றால் இந்த வகை சிப்புக்கு ராம்தான் உயிர். வேகா 8க்குச் சொந்த நினைவகம் கிடையாது. கணினியின் ராமைப் பங்கு போட்டுக்கொள்கிறது. 3200 வேக டிடிஆர்4 ஒரே ஸ்டிக்காக இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி போய்வரும். இரண்டாக மாட்டினால் 51.2 ஜிபி. ஆகவே 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்கைக் கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் வாங்காதீர்கள். 8 ஜிபி இரண்டாகக் கேளுங்கள். கிராபிக்ஸ் கடிகாரத்தை 1,100 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,400க்கு ஏற்றினாலும், ராம் மெதுவாக இருந்தால் அந்த ஏற்றம் திரையில் தெரியாது. இந்தக் கணினியில் காசில்லாமல் கிடைக்கும் முதல் வேகம், பயாஸில் ராமை அதன் பெட்டியில் அச்சிட்ட வேகத்துக்கு மாற்றுவது. அதைச் செய்யாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

இனி வெப்பம். சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறும். 3.5 ஜிகாஹெர்ட்ஸை 3.9 ஆக்க 1.2 வோல்ட்டை 1.35 ஆக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் கூடியது 11 சதவீதம், வெப்பம் கூடியது 41 சதவீதம். பெரிய கேபினெட்டில் இதைச் சமாளிக்கலாம். சின்னப் பெட்டியில் முடியாது, நம் ஊரில் சுத்தமாக முடியாது. கூலரின் வேலை அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதைக் கட்டுப்படுத்துவதுதான். 21 டிகிரி அறையில் சோதித்த வெளிநாட்டு விமர்சகருக்கு 75 காட்டிய அதே அமைப்பு, மே மாத மதியம் 35 டிகிரி அறையில் 89ஐத் தொடும். இந்த சிப்பின் எல்லை 95. அவர் சொன்ன எண்களை அப்படியே பயாஸில் போட்டுவிட்டு, வெயில் காலத்தில் கணினி திணறுகிறதே என்று சிப்பைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஆகவே சின்னப் பெட்டியில் முதலில் செய்ய வேண்டியது, வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு வோல்டேஜை இறக்கிப் பார்ப்பது. எந்த சிப்பும் தேறட்டும் என்று நிறுவனம் கொஞ்சம் அதிகமாகவே வோல்டேஜ் வைத்திருக்கும். கோர்களும் கிராபிக்ஸும் ஒரே சில்லில், ஒரே கூலருக்கு அடியில் இருக்கின்றன. கோர் பக்கம் மிச்சப்படுத்திய வெப்பத்தைக் கிராபிக்ஸ் பக்கம் செலவழித்தால் கேம் ஆடுபவருக்கு அதுதான் லாபம். கோரை 3.9க்கு இழுப்பதைவிட இதை நான் எப்போதும் முன்னால் வைப்பேன்.

காற்றுக்குப் பெரிய செலவு தேவையில்லை. கீழ்நோக்கி ஊதும் கூலரை எடுங்கள். அந்தக் காற்று சிப்பைத் தாண்டி, போர்டின் மின்சுற்றையும் ராமையும் சேர்த்துக் குளிர்விக்கும். கூலருக்கு நேராகக் கேபினெட்டில் சல்லடைக் கதவு இருக்க வேண்டும். இடையில் இடைவெளி இருந்தால் உள்ளே சுற்றும் சூடான காற்றையே ஃபேன் திரும்ப இழுக்கும். ஒரு துண்டு ஸ்பாஞ்ச் ஷீட்டை வளையமாக வெட்டி அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் வெளிக்காற்று மட்டும் வரும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் ‘450 வாட்’ ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்தக் கணினிக்கு 150 வாட்டே தாராளம். ஆகவே 80 பிளஸ் சான்று பெற்ற சிறிய எஸ்எம்பிஎஸ் போதும், அது நல்லதாக இருக்க வேண்டும். ஓவர்கிளாக்கால் வரும் பழுதுக்கு வாரன்டி கிடையாது என்பதையும் மனதில் வையுங்கள்.

வேகத்தை ஒரே தாவலில் ஏற்ற வேண்டாம். கிராபிக்ஸை 50 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி, ஒரு மணி நேரம் கேம் ஓட்டி, திரையில் புள்ளிகள் தெறிக்கிறதா என்று பார்த்து, பிறகு அடுத்த 50. ராமை மெம்டெஸ்ட்86 கொண்டு இரவு முழுக்கச் சோதியுங்கள். ராமில் வரும் பிழை கணினியை நிறுத்தாமலே கோப்புகளைக் கெடுக்கும், அதுதான் ஆபத்து. கோர்களுக்கு பிரைம்95. கதவைத் திறந்துவைத்து எடுத்த அளவு செல்லாது. கேபினெட்டை மூடி, மதிய நேரத்தில், ஏசி போடாமல் ஓட்டுங்கள். அப்போதும் 85 டிகிரிக்குள் நின்றால் அந்த செட்டிங்கைப் பயாஸில் சேமித்துக்கொள்ளலாம். தாண்டினால் ஒரு படி இறக்குங்கள். பின்னால் கையில் காசு சேரும்போது பி450 போர்டை மாற்றவே தேவையில்லை; பயாஸைப் புதுப்பித்தால் ஆறு கோர் ரைசன் 5 5600ஜி அதே இடத்தில் உட்காரும்.