பஸ்ல போற நேரத்துல ஒரு செபி ஆய்வறிக்கையைக் கேட்டு முடிப்பது எப்படி?



ஓரிக்கையில இருந்து ஒரகடத்துக்கு கம்பெனி பஸ்ல வேலைக்குப் போறவங்களுக்கு, போக வர தினமும் ஏறக்குறைய ரெண்டு மணி நேரம் பஸ்லயே போயிடும். அந்த நேரத்துல போன்ல என்ன வருது? "ஆப்ஷன் டிரேடிங்ல சம்பளத்தை விட அதிகமா சம்பாதிக்கலாம்"னு ரீல்ஸ் வருது. அது உண்மையான்னு சொல்ற ஆய்வும் அதே போன்ல இலவசமா கிடைக்கும். ஆனா அது இங்கிலீஷ்ல, அட்டவணை அட்டவணையா இருக்கும். அதனால பெரும்பாலும் யாரும் திறக்கிறதே இல்லை.

அதுல என்ன இருக்கு?

2024 செப்டம்பர்ல செபி வெளியிட்ட ஆய்வு அது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகள்ல, பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ பிரிவில் இறங்கிய தனிநபர்கள்ல 93% பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். செலவெல்லாம் போக 1 லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவங்க வெறும் 1% பேர்தான். 2023-24ல் இதில் இறங்கியவங்கள்ல 43% பேர் 30 வயசுக்குக் கீழே. அதாவது, நம்ம வயசுக்காரங்க.

எப்படிக் கேட்பது?

கூகுளின் நோட்புக்எல்எம்-ல் 'ஆடியோ ஓவர்வியூ'ன்னு ஒரு வசதி இருக்கு. நீங்க கொடுக்கிற பிடிஎஃப்-ஐ ரெண்டு ஏஐ குரல்கள் பேசிக்கிற பாட்காஸ்டா மாத்தித் தரும். 2025 ஏப்ரல்ல இருந்து தமிழ்லயும் வருது.

1. செபி இணையதளத்துல அறிக்கையை டவுன்லோட் பண்ணி அப்லோட் பண்ணுங்க.
2. செட்டிங்ஸ்ல மொழியைத் தமிழுக்கு மாத்துங்க.
3. என்ன பேசணும்னு நீங்களே சொல்லுங்க: "இந்த ஆய்வு யாரைப் பத்தியது, எந்த வருஷங்கள், எதையெல்லாம் கணக்குல எடுக்கலை?"

ஒரு எச்சரிக்கை

ஏஐ குரல் தப்பையும் அதே தெம்போடதான் சொல்லும். உதாரணமா, "எஃப் அண்ட் ஓ" என்ற வார்த்தை மட்டும் விட்டுப்போனா, "பங்குச் சந்தையில 93% பேருக்கு நஷ்டம்"னு ஆயிடும். அதைக் கேட்டு ஒருத்தர் ஒழுங்கா போயிட்டிருக்கிற எஸ்ஐபி-யை நிறுத்தினா, அந்த நஷ்டமும் நிஜம்தானே?

அதனால வீட்டுக்கு வந்ததும் அதே நோட்புக்ல கேள்வியா கேளுங்க. பதில்ல இருக்கிற எண்ணைத் தட்டினா, மூல அறிக்கையில அந்த வரி எங்கே இருக்குன்னு காட்டும். முக்கியமான மூணு எண்களையாவது சரிபார்த்துடுங்க. பத்து நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.

பட்டு நெய்யிற ஊருக்கு இது புதுசா என்ன? சரிகை நல்லதான்னு கடைக்காரர் பேச்சை மட்டும் நம்பியா முடிவு பண்றோம்? புடவையைத் திருப்பிப் பார்க்கிறோம்ல. காதால கேட்டதையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துட்டு, அப்புறம் பணத்தை எடுங்க.