பருவத்திற்கு ஓர் ஆடை: குர்துபாவின் ஸிர்யாப்

இன்ன மாதத்தில் இன்ன நிறத்தில், இன்ன துணியில் உடுத்த வேண்டும் என ஒரு நகரத்திற்கே நெறி வகுத்துக் கொடுத்த ஒருவர் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவர் நெசவாளருமல்லர், தையற்கலைஞருமல்லர். பாடகர். அபுல் ஹசன் அலீ இப்னு நாஃபிஃ என்பது அவரது இயற்பெயர். கருநிறமும் இனிய குரலும் வாய்த்திருந்தமையால், கரும்பறவை ஒன்றின் பெயரான 'ஸிர்யாப்' அவருக்குப் பட்டப்பெயராயிற்று.

பக்தாதில் இஸ்ஹாக் அல்மவ்ஸிலியிடம் இசை பயின்ற அவர், ஆசிரியரின் பொறாமைக்கு அஞ்சி அந்நகரை நீங்கினார் என்பது பரவலாக அறியப்பட்ட வரலாறு. கைரவானில் சிலகாலம் தங்கியபின், ஹிஜ்ரி 206இல் (கி.பி. 822) அந்தலூசியக் கரையை அடைந்தார். அவரை அழைத்திருந்த அமீர் முதலாம் ஹகம் அப்போது காலமாகியிருந்தார். புதிய அமீரான இரண்டாம் அப்துர் ரஹ்மான் மாதம் 200 தீனார் ஊதியம் அளித்து அவரை ஏற்றுக்கொண்டார். 857இல் இறக்கும்வரை குர்துபாவே அவரது ஊர்.

அவர் வகுத்த ஆடைமுறையை அல்மக்கரீ (இறப்பு 1632) தமது 'நஃப்ஹுத் தீப்' நூலில் விரித்துரைக்கிறார். ஜூன் 24ஆம் நாளாகிய மிஹ்ரஜான் முதல் அக்டோபர் தொடக்கம்வரை வெண்ணிற ஆடை; ஆண்டின் எஞ்சிய நாட்களில் வண்ண ஆடை. குளிருக்கும் வெயிலுக்கும் இடைப்பட்ட வசந்தத்தில், உள்துணி வைத்துத் தைக்காத மெல்லிய அங்கிகள். இலையுதிர் காலத்தில், காலைக் குளிர் உறைக்கத் தொடங்கும்போது, உள்துணி வைத்த மர்வு நகர பாணி உடைகள். குளிர் கடுமையானால் கனத்த வண்ண ஆடைகளும், தேவைப்படின் அவற்றின்கீழ் மென்மயிர்த் தோலும்.

இம்முறையின் நுட்பம் இடைப்பருவங்களில்தான் உள்ளது. கோடையிலிருந்து குளிருக்கு ஒரேயடியாகத் தாவாமல், உடல் படிப்படியாகப் பழக அது வழிசெய்தது. வசந்தகாலத் துணிகளுள் 'முல்ஹம்' என்பதும் ஒன்று. பட்டுப் பாவும் பருத்தி ஊடையும் சேர்ந்த கலப்புத் துணி அது. தூய பட்டு ஆண்களுக்கு விலக்கப்பட்டிருக்க, இத்தகைய கலப்புத் துணிகள் ஃபிக்ஹு நூல்களில் தனி ஆய்வுக்குரியனவாயின. பளபளப்பை விரும்பிய நாகரிகமும் மார்க்க வரம்பும் நெசவுத் தறியில் சந்தித்த இடம் இது எனலாம்.

ஆடையோடு அவர் நிற்கவில்லை. நெற்றியை மறைத்து, நடுவகிடெடுத்து நீளமாக விடப்பட்டிருந்த முடியைக் கத்தரித்து, புருவமும் காதும் பிடரியும் தெரியும்படி செய்தார். வெள்ளாடையை உப்பிட்டு வெளுக்கக் கற்பித்தார். பொன், வெள்ளிப் பாத்திரங்களைவிட மெல்லிய கண்ணாடிக் கிண்ணங்களே மேலானவை எனக் காட்டினார்.

இன்று அவரைப் பற்றி எழுதுவோர் சிலர், பற்பசையைக் கண்டவர் அவரே, 'பேஷன்' என்பதைத் தோற்றுவித்தவரும் அவரே என்கின்றனர். அல்மக்கரீ கூறுவதோ, அக்குள் நாற்றம் நீக்க உதவிய 'முர்தக்' பற்றி மட்டுமே. நம் சித்த மருத்துவம் மிருதாரசிங்கி என்று அழைக்கும் பொருள் அது. மேலும், அல்மக்கரீ ஸிர்யாபுக்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் பிற்பட்டவர். பதினோராம் நூற்றாண்டின் இப்னு ஹய்யானைத் தழுவியே எழுதினார். அவர்கள் இருவருக்கும் முற்பட்ட இப்னு அப்து ரப்பிஹி (இறப்பு 940) வேறொரு கதை சொல்கிறார்: தம் கருநிறத்தைப் பெருமையாகக் கூறும் அன்தராவின் கவிதையைப் பாடியதற்காக, கைரவான் அரசர் அவரைத் தண்டித்து வெளியேற்றினாராம்.

இவ்வேறுபாடுகளால் ஸிர்யாபின் சிறப்புக் குன்றுவதாக நாம் கருதவில்லை. பக்தாதின் செம்மையான பழக்கங்களை அவர் தனியொருவராகப் படைத்திருக்க வேண்டியதில்லை. அவற்றைச் சுமந்து வந்து, வேறொரு மண்ணின் வெயிலுக்கும் குளிருக்கும் ஏற்ப ஒழுங்குபடுத்தினார் என்பதே போதுமானது. நம் முன்னோர்க்கு இல்லாத கண்டுபிடிப்புகளை ஏற்றிச் சொன்னால், உள்ளவற்றையும் பிறர் ஐயுறுவர். அவர்கள் செய்ததை அளவோடு எடுத்துரைப்பதே அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.