கூரை தரும் குடிநீர்

குறிகட்டுவான் துறையில் நின்று கடலை நோக்கினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரையில் நீரே பரந்து கிடக்கிறது. அந்நீரின் நடுவே நயினாதீவும் அதற்கப்பால் நெடுந்தீவும் இருக்கின்றன. இத்தனை நீருக்கு நடுவில் வாழும் மக்கள், கோடை வந்துவிட்டால் ஒரு குடம் நன்னீருக்காகக் கால் கடுக்க நடக்கின்றனர்; தண்ணீர் பவுசரின் வரவை எதிர்பார்த்துப் படலையடியில் வாளிகளை வரிசையாக வைத்துக் காத்திருக்கின்றனர். ஆதலால், தீவகத்தில் ஒரு வீட்டைப் பற்றி விசாரிப்போர் "வீடு கல்வீடா?" என்று கேட்பதற்கு முன் "அங்கே தண்ணீர் எப்படி?" என்று கேட்பதில் வியப்பொன்றுமில்லை.

இவ்விரண்டும் இரு வேறு கேள்விகள் என்றே நாம் எண்ணி வந்திருக்கிறோம். உண்மையில் அவை ஒன்றே. தண்ணீர்க் கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதி வீட்டின் கூரையிலேயே இருக்கிறது. அதனை வீட்டிற்குள் கொண்டுவரும் பொறுப்பையும், அதற்கான பணத்தையும், அவ்வீட்டில் வாழ்வோர் கையிலேயே ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது.

கிணறு ஏன் உவர்க்கிறது?

தீவகத்தின் நிலம் சுண்ணாம்புக்கல். ஆறில்லை, மலையில்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அம்மழை கல்லின் துவாரங்களினூடே இறங்கி, கீழேயுள்ள உப்பு நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் கடல்நீரினும் பாரங் குறைந்ததன்றோ? நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்த கண்ணாடிவில்லை போல அது தங்கி நிற்கிறது. நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மீற்றர் உயர்ந்து நிற்குமானால், கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. இதனையே தலைகீழாக நோக்கினால் அச்சம் உண்டாகிறது. மேலே ஒரு சாண் நீர் குறைந்தால், கீழேயிருந்து உப்பு நீர் நாற்பது சாண் மேலேறக் காத்திருக்கிறது!

துலாவினால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்திற்குக் களைப்பில்லை. அளவு மீறி இறைத்த கிணறு உவரானால், அது மீண்டும் நன்னீராவதற்குப் பல மாரிகள் வேண்டும்.

பணம் யார் கையில்?

போரினால் 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். போர் முடிந்தபின் திரும்பியோர் பலருக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் இவ்வாறு வீடிழந்தோருக்காக, இந்திய அரசின் நன்கொடையில் ஒரு பெருந்திட்டம் 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த தினத்தன்று, தொடங்கப்பெற்றது. யாழ்ப்பாண மாவட்டமும் அதில் அடங்கியது. புதிய வீடொன்றிற்கு 550,000 ரூபாய். பழைய வீட்டைத் திருத்துவதற்கு 250,000 ரூபாய். ஒப்பந்தகாரர் எவரிடமும் அப்பணம் கொடுக்கப்படவில்லை. வேலை ஏற ஏறக் கட்டங்கட்டமாக, வீட்டுக்குரியவரின் வங்கிக் கணக்கிற்கே அது சென்றது. கல்லும் சீமெந்தும் வாங்கியவர், மேசனைப் பிடித்தவர், நின்று பார்த்தவர் எல்லாம் வீட்டுக்காரரே. தொகை போதாமற் கடன்பட்டோரும் உண்டு, அதனை மறைப்பதற்கில்லை. ஆயினும், தம் கைப்படக் கட்டிய வீட்டின் ஒவ்வொரு கல்லையும் அவர்கள் அறிவார்கள்.

தண்ணீர் விடயத்திலும் இந்நாட்டிற்கு இத்தகைய அனுபவம் உண்டு. 1993 முதல் 1998 வரை உலக வங்கியின் உதவியுடன் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களில் நடைபெற்ற சமுதாய நீர்வழங்கல் திட்டத்தில், கிராமத்தவரே சங்கம் அமைத்து, தமக்கு ஏற்ற முறையைத் தாமே தெரிந்து, செலவில் ஐந்திலொரு பங்கைப் பணமாகவும் உழைப்பாகவும் தந்தனர். குழாய் நீர் ஏறமுடியாத மேட்டுநிலங்களில் 5,000 லீற்றர் கொள்ளும் மழைநீர்த் தாங்கிகளைக் கட்டிக்கொண்டோர் பலர். பூசணிக்காய் வடிவில் அமைந்தமையால் அவற்றுட் சிலவற்றிற்குப் பூசணித் தாங்கி என்றே பெயராயிற்று.

ஒரு சிறு கணக்கு

மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். ஐம்பது சதுர மீற்றர் கூரை; ஆண்டில் ஆயிரம் மில்லிமீற்றர் மழை. இரண்டையும் பெருக்கினால் 50,000 லீற்றர். தெறித்தும் ஆவியாகியும் ஐந்திலொன்று போயிற்று என்று கழித்தாலும் 40,000 லீற்றர் எஞ்சும். நால்வர் கொண்ட குடும்பத்திற்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லீற்றர் என்று கொள்வோம். மாரி முடிவில் நிரம்பிய 5,000 லீற்றர்த் தாங்கி ஒன்று, 250 நாட்களுக்குப் போதுமானது. அஃதாவது, அடுத்த மழை வரும் வரை அக்குடும்பம் குடிநீருக்காகக் கையேந்த வேண்டியதில்லை.

இது கற்பனையன்று. அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள பேர்மியூடாத் தீவும் நம் தீவகம் போலச் சுண்ணாம்புக்கல் நிலமே; அங்கும் ஆறில்லை. வெள்ளை பூசிய கூரைகளில் விழும் மழையை வீட்டின் கீழுள்ள தாங்கியிற் சேர்த்தே அம்மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர்.

தாங்கி மட்டும் போதாது, பேணுதலும் வேண்டும். முதல் மழை கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவி வருவதால் அதனை வெளியே விட்டுவிட வேண்டும். பீலியில் சருகு அடையக் கூடாது. வெளிச்சம் புகாத மூடியும், நுளம்பு நுழையாத வலையும் வேண்டும். சொட்டும் குழாயின் கீழ் ஓர் இரவு பாத்திரம் வைத்து, விடிந்ததும் அளந்து பார்த்தால் வீண்போகும் நீரின் அளவு விளங்கும். குளித்த நீர் வாழையடிக்குப் போகட்டும்.

இவற்றையெல்லாம் அதிகாரி ஒருவர் நாள்தோறும் வந்து பார்க்க இயலுமா? மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டு அரசு 2003ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. சென்னையில் அதனால் நிலத்தடி நீர் உயர்ந்தது மெய்யே. ஆயினும், ஆணைக்காக மட்டும் அமைத்து, பின்பு கவனிப்பாரின்றித் தூர்ந்தவையும் பல. கட்டளையாற் கட்டலாம், அக்கறையாலன்றிக் காக்க முடியாது.

வடமராட்சி கிழக்கில் தாளையடியில், கடல்நீரை நன்னீராக்கும் பெரிய நிலையம் 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் திறந்து வைக்கப்பெற்றது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்லது அது. வரவேற்க வேண்டிய பணியே. ஆயினும் அத்தகைய நீருக்கு மின்சாரம் வேண்டும், பெருஞ்செலவு வேண்டும், நெடுந்தூரக் குழாய் வேண்டும். கூரையில் விழும் மழைக்கு இவை எவையும் வேண்டா.

ஆதலால், வீடு கட்டப் பணம் கொடுத்த அதே முறையில், பீலிக்கும் தாங்கிக்கும் கிணற்றுக் கட்டுக்கும் ஒரு சிறு நன்கொடை ஏன் வழங்கக் கூடாது? எந்த வீட்டிற்கு முதலில், எந்தக் கிணற்றுக்கு அடுத்தது என்பதைக் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கூடித் தீர்மானிக்கட்டும். குறிப்பாகப் பெண்களின் சொல்லுக்கு அங்கே மதிப்பிருக்கட்டும். குடத்தைச் சுமந்த இடுப்புக்குத்தான் தண்ணீரின் பாரம் தெரியும்.

வருகின்ற மாரியில் முகில் திரளும்போது, பிள்ளைகள் ஒருமுறை முற்றத்தில் நின்று தங்கள் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்க்கட்டும். அதிலிருந்து வழிந்து ஓடுவது வெள்ளமன்று. சித்திரையிலும் ஆடியிலும் அம்மா தேடி நடக்கப்போகும் குடிநீர்.