உங்களுக்குத் தெரியுமா? முனிக்குப் பயந்தவன்

ராகவா லாரன்ஸ் இயக்கி நடித்த பேய்ப்பட வரிசை 2007இல் 'முனி'யுடன் தொடங்கியது. 'காஞ்சனா' 2011இலும், அடுத்த இரு படங்கள் 2015, 2019இலும் வந்தன. தமிழில் பேயையும் சிரிப்பையும் ஒரே அடுப்பில் ஏற்றி, அதை வழக்கமாகவே ஆக்கிவிட்ட வரிசை இது.

நாயகன் பேய்க்குப் பயந்தவன். இருட்டிவிட்டால் துணையில்லாமல் ஒன்றுக்குப் போகவும் மாட்டான். இலங்கை மலையகத்தில் எல்ல, தெமோதரைப் பக்கத்துத் தோட்ட லயங்களில் இதற்குச் சிரிப்பவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. வாசலுக்கு வெளியே பனி, தேயிலை மலைச்சரிவு, கையில் ஒரு டோர்ச், கொஞ்சம் தள்ளிக் கழிப்பறை. "அம்மா, நிக்கிறியா?" என்று உள்ளேயிருந்து கேட்காத பிள்ளை உண்டா?

முனியும் மலையகத்துக்குப் புதிதல்ல. தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்துக்கே 'ரோதமுனி' என்றொரு காவல் தெய்வம் இங்கே உண்டு.

'காஞ்சனா' படத்துப் பேயின் கதையைக் கவனியுங்கள். சரத்குமார் நடித்த காஞ்சனா ஒரு திருநங்கை. ஆஸ்பத்திரி கட்ட வைத்திருந்த காணியை அரசியல்வாதி பிடுங்க, கொலையானவள். காணிக்காகச் செத்த பேய்! சொந்தக் காணியில்லாமல் தலைமுறைகளைக் கழித்த ஊரில் அதன் பக்கம் சாயாமல் எப்படி இருப்பது? சிரிப்புக் காட்சிகளைவிட, என் கணக்கில், படத்தின் பலம் அதுதான்.

2020இல் அக்‌ஷய் குமார் நடிக்க, 'லக்ஷ்மி' என்ற பெயரில் 'காஞ்சனா'வை இந்திக்குக் கொண்டுபோனவரும் லாரன்ஸ்தான்.