பழைய லேப்டாப் பொசுக்குனு அணைவது ஏன்?

2011-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. அப்படி அண்ணன், அக்கா வாங்கியவை பல வீடுகளில் இருக்கின்றன. ஓடும்போதே திடீர்னு அணைந்தால், "கெட்டுப்போச்சு, காயலான் கடையில போடு" என்பார்கள். அவசரப்படாதீங்க! முக்கியமான காரணங்கள் இரண்டு.

1. சூடு: உள்ளே சின்ன ஃபேன் உண்டு. அதில் தூசி அடைத்தால் சூடு வெளியே போகாது. பிராசஸர் சுமார் 100 டிகிரி செல்சியஸைத் தொட்டால், கருகாமல் இருக்கத் தானே அணைத்துக்கொள்ளும். அடிப்பக்கம் கொதிக்கிறதா? இதுவாக இருக்கலாம். ஆறவிட்டுப் போடுங்கள். மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள். கடையில் தூசி எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டு லேப்டாப் அப்படித்தான் பிழைத்தது.

2. பேட்டரி: 40 சதவீதம் காட்டும்போதே அணைகிறதா? சார்ஜரை மாட்டிப் பாருங்கள். அப்போது அணையாவிட்டால் பேட்டரிக்கு வயசாகிவிட்டது. அதை மட்டும் மாற்றினால் போதும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள். தீப்பிடிக்கலாம்!

அக்கா கல்லூரிக்கு டைப் அடித்த நாலு பக்கம் இப்படித்தான் போச்சு. அதனால் பத்து வரிக்கு ஒரு தடவை கன்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி